விடைபெறுவோரும் விடை கொடுப்போரும்

நெடுங்காலம் நமக்கு நன்மை செய்த ஒருவர், இன்று அதே பணியை முன்போல் செவ்வனே செய்ய இயலாதவராகத் தோன்றுகிறார். அவரை நோக்கி, 'ஐயா, தாங்கள் விலகிக்கொள்வது நல்லது' என்று நாம் சொல்லலாமா? சொன்னால் நன்றி மறந்தவர் ஆகிவிடுவோமா? சொல்லாதிருந்தால் கடமை தவறியவர் ஆகிவிடுவோமா?

இவ்வினா குடும்பத்திலும் எழுகிறது, கடையிலும் எழுகிறது, பொதுப்பணி செய்யும் அமைப்புகளிலும் எழுகிறது. ஆயினும் அங்கெல்லாம் அது பெரும்பாலும் தாழ்ந்த குரலில், கதவு சாத்திய அறைக்குள் பேசப்படுகிறது. ஆதலால் அதன் முழு உருவத்தை நாம் காண முடிவதில்லை. விளையாட்டு அரங்கிலோ எல்லாம் உரக்க நடைபெறுகின்றன. புகழ்ச்சியும் உரக்க வருகிறது. இகழ்ச்சியும் உரக்க வருகிறது. எனவே இவ்வினாவை ஆராய்வதற்கு இங்கிலாந்து நாட்டின் கால்பந்து அரங்கைத் துணைக்கொள்வோம். கால்பந்தில் ஈடுபாடு இல்லாத வாசகர்களும் சற்றுப் பொறுமையுடன் உடன் வருமாறு வேண்டுகிறோம். ஆட்டத்தின் நுட்பங்களை நாம் ஆராயப் போவதில்லை. அதைச் சூழ்ந்து அமர்ந்திருந்த மனிதர்களின் மனத்தையே ஆராயப் போகிறோம்.

ஒரு மனிதரும் ஒரு கழகமும்

லண்டன் மாநகரின் வட பகுதியில் உள்ள ஆர்செனல் என்னும் கால்பந்துக் கழகத்திற்கு 1996 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஆர்சென் வெங்கர். பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1949 இல் பிறந்தவர். மொனாக்கோ கழகத்தில் பணியாற்றிய பின்னர், ஜப்பானின் நகோயா நகரக் கழகத்திலிருந்து அவர் லண்டனுக்கு அழைக்கப்பட்டார். அவரை அங்கே அறிந்தவர் சிலரே. 'யார் இந்த ஆர்சென்?' என்னும் பொருள்படத் தலைப்பிட்டது லண்டன் மாலை நாளேடு ஒன்று.

இங்கிலாந்தில் இப்பதவிக்கு 'மேனேஜர்' என்று பெயர். ஆட்டக்காரருக்குப் பயிற்சி தருவதோடு அவர் வேலை முடிவதில்லை. யாரை ஆட வைப்பது, யாரைப் புதிதாகச் சேர்ப்பது, யாரை வெளியே அனுப்புவது என்பனவற்றிலும் அவர் சொல்லுக்குப் பெருமதிப்பு உண்டு. வெங்கர் அந்த ஆட்டக்காரர்களின் உணவை மாற்றினார். மதுப் பழக்கத்தைக் கட்டுப்படுத்தினார். உடற்பயிற்சி முறைகளைத் திருத்தினார். அவர் முழுமையாகப் பொறுப்பேற்று நடத்திய முதற் பருவமான 1997-98 இலேயே லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் ஒருங்கே கிடைத்தன. மீண்டும் 2001-02 இல் அவ்விரண்டும் கிடைத்தன. 2003-04 ஆம் பருவத்தில் லீக் ஆட்டங்கள் 38 இல் 26 வெற்றி, 12 சமநிலை. தோல்வி ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் ஒரு பருவம் முழுவதும் தோல்வியின்றி முடித்த கழகம் அதற்கு முன் ஒன்றே ஒன்றுதான். அதுவும் 22 ஆட்டங்களே இருந்த 1888-89 ஆம் பருவத்தில்.

இதன் பின்னர் கழகம் ஒரு பெரிய முயற்சியில் இறங்கியது. சுமார் 38,000 பேர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஹைபரி அரங்கை விட்டு, சுமார் 60,000 பேர் அமரும் எமிரேட்ஸ் அரங்கைக் கட்டி 2006 இல் குடிபுகுந்தது. கட்டியவருக்குக் கடன் உண்டு என்பது உலகியல் அன்றோ? கடனை அடைக்கும் ஆண்டுகளில் மற்றப் பெருங்கழகங்களைப்போல் பணத்தை அள்ளி இறைக்க ஆர்செனலால் இயலவில்லை. தியரி ஹென்றி 2007 இலும், செஸ்க் ஃபேப்ரிகாஸ் 2011 இலும், ராபின் வான் பெர்சி 2012 இலும் என்று சிறந்த ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிரிந்து சென்றனர். 2005 முதல் 2014 வரை முதன்மையான கோப்பை எதுவும் வரவில்லை. ஆயினும் அந்த வறண்ட ஆண்டுகளிலும் லீக்கின் முதல் நான்கு இடங்களுக்கு வெளியே கழகம் ஒருமுறைகூடச் செல்லவில்லை. புதிய அரங்கின் கடனைச் சுமந்துகொண்டே அந்த இடத்தைக் காத்தது எளிய செயலன்று. ஆனால் சரியாமல் காத்தவரின் உழைப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வென்று கொணர்ந்தவரின் கோப்பை மட்டுமே புலப்படுகிறது.

வானில் இரண்டு வாசகங்கள்

நாளடைவில் மனக்கசப்பு வளர்ந்தது. 2011 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்திடம் 8-2 என்ற கணக்கில் தோல்வி. 2014 மார்ச்சில், வெங்கர் ஆர்செனலின் பொறுப்பில் ஆயிரமாவது ஆட்டத்தைக் கண்ட நாளிலேயே, செல்சி கழகத்திடம் 6-0 என்ற கணக்கில் தோல்வி. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பை வந்தபோதும், லீக் பட்டம் எட்டாத் தொலைவிலேயே இருந்தது. 2017 இல் ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கழகத்திடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 10-2 என்ற தோல்வி. 'வெங்கரே வெளியேறுக' என்ற அட்டைகள் அரங்கில் உயர்ந்தன.

அவ்வாண்டு மார்ச் மாதம் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகத்தின் அரங்கில் நடந்த ஆட்டத்தின்போது ஒரு சிறு விமானம் வானில் வட்டமிட்டது. அவருக்குப் புதிய ஒப்பந்தம் தரலாகாது என்னும் வாசகத்தைத் துணியில் எழுதி அது இழுத்துச் சென்றது. அதே நாளில் மற்றொரு விமானமும் பறந்தது. அவர்மீது நம்பிக்கை உண்டு, அவருக்கு மரியாதை தருக என்ற பொருளில் அதன் வாசகம் அமைந்திருந்தது. இரண்டையும் அனுப்பியவர்கள் அதே ஆர்செனலின் இரசிகர்களே.

கீழே ஆடுகளத்தின் ஓரத்தில் அறுபத்தேழு வயது மனிதர் ஒருவர் நின்றிருக்கிறார். அவர் தலைக்கு மேலே, அவர் வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கு வானத்தில் நடக்கிறது. அவ்விரண்டு வாசகங்களையும் எழுதியவர்கள் தத்தம் மனத்தில் கழகத்தின் நலனையே நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதரிடம் எவரும் எதுவும் பேசவில்லை. அவரைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஒருவரிடம் பேசுவதற்கும் ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கும் உள்ள வேற்றுமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக. இவ்வேற்றுமை பின்னர் நமக்குப் பயன்படும்.

ஒரே நாளில் மாறிய குரல்

அந்த 2017 மே மாதத்தில் ஆர்செனல் மீண்டும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. வெங்கர் வென்ற கோப்பைகளுள் அது ஏழாவது. ஒரு பயிற்சியாளர் அக்கோப்பையை ஏழுமுறை வென்றது அதற்கு முன் நிகழாதது. சில நாட்களில் அவர் மேலும் ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆனால் அடுத்த பருவத்திலும் நிலைமை சீராகவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கியவர்களே வராமையால் எமிரேட்ஸ் அரங்கில் காலி இருக்கைகள் பெருகின. இறுதியில் 2018 ஏப்ரல் 20 ஆம் நாள், அப்பருவத்தின் முடிவில் விலகுவதாக வெங்கர் அறிவித்தார். விலகும் நேரம் முற்றிலும் தமது முடிவன்று என்பதையும் சில நாட்களில் அவர் மறைக்காமல் தெரிவித்தார். இரசிகர்களிடையே ஒற்றுமை குன்றி, கழகத்தின் தோற்றம் உலகின் பார்வையில் மாசுபட்டதே தம்மை வருத்தியதாகவும் கூறினார்.

அறிவிப்பு வந்ததும் குரல் மாறியது. மே 6 ஆம் நாள் அவ்வரங்கில் அவருக்குக் கடைசி ஆட்டம், எதிரணி பர்ன்லி. அரங்கம் நிறைந்திருந்தது. பிரெஞ்சு மொழியில் 'நன்றி, ஆர்சென்' என்று பொறித்த செந்நிறச் சட்டைகள் எங்கும் காணப்பட்டன. ஆர்செனல் 5-0 என்று வென்றது. தோல்வியே காணாத 2003-04 ஆம் பருவத்தின் நினைவாகச் செய்யப்பட்ட பொன்வண்ணக் கோப்பை அவர் கையில் தரப்பட்டது. அவர் ஒலிபெருக்கியைக் கையில் ஏந்தியதும் முதலில் தம்மைப் பற்றிப் பேசவில்லை. முந்தைய நாள் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் இருந்த அலெக்ஸ் பெர்குசன் நலம்பெற வேண்டும் என்றே தொடங்கினார். பெர்குசன் யார்? மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் பயிற்சியாளராக இருந்து, பல்லாண்டுகள் வெங்கரோடு கடுமையாகப் போட்டியிட்டவர்.

ஒரு வாரம் கழித்து ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் அவருடைய கடைசி ஆட்டம். ஆர்செனல் கழகத்தில் அது 1,235 ஆவது. ஆட்டம் 22 ஆவது நிமிடத்தை எட்டியபோது, அவருடைய இருபத்திரண்டு ஆண்டுப் பணியை நினைந்து இரு தரப்பு இரசிகர்களும் எழுந்து கைதட்டினர்.

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. நேற்று 'போ' என்றவர்கள் இன்று 'நன்றி' என்கிறார்கள். இந்த நன்றி மெய்யா, பொய்யா?

அவசரத் தீர்ப்பு வேண்டா

'இது வெறும் பாசாங்கு. போகும் என்று உறுதியான பின் காட்டப்பட்ட மலிவான அன்பு' என்று சிலர் கூறுவர். அவ்வாறு எளிதில் தீர்ப்பளிக்க நாம் விரும்பவில்லை. முதலாவதாக, அறுபதாயிரம் பேர் ஒரே மனிதர் அல்லர். 'போ' என்று கூவியவர் வேறு சிலராகவும், கண்ணீர் விட்டவர் வேறு சிலராகவும் இருக்கக்கூடும். இரண்டாவதாக, அந்த இரசிகர்களின் கோபத்திற்கும் காரணம் இருந்தது. ஆர்செனலின் நுழைவுச் சீட்டுகள் இங்கிலாந்திலேயே மிக விலை உயர்ந்தவற்றுள் இடம்பெற்றவை. தந்தையின் கை பற்றி வந்த பிள்ளை, பின்னர்த் தன் பிள்ளையைக் கைபற்றி அழைத்து வரும் வழக்கம் உடையவர்கள் அவர்கள். பயிற்சியாளர் வருவார், போவார். அவர்கள் அங்கேயே இருப்பார்கள். தாம் நேசிப்பது சரிந்து வருகிறது என்று கண்டால் வாய் திறக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

மற்றொரு வாதமும் உண்டு. 'அவர் ஊதியம் பெற்றுக்கொண்டு வேலை செய்தவர், கோடிக்கணக்கில் பெற்றவர். கணக்கு அன்றே தீர்ந்தது, நன்றி எதற்கு?' என்பர். ஊதியம் வேலைக்கு விலை என்பது மெய்யே. ஆனால் ஊதியம் எத்தனை பெரிதாயினும், அது வாங்கிய வேலையில் ஒருவர் தம் வாழ்நாளின் நல்ல பகுதியை வைத்துவிட்டால், அந்த மிகுதிக்கு விலை கிடையாது. நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியரும் ஊதியம் பெற்றவரே; நம் தாயின் நோயைத் தீர்த்த மருத்துவரும் கட்டணம் பெற்றவரே. அதனால் அவர்களை வழியில் கண்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா?

இரு கணக்குகள்

இப்போது நம் கருத்தை வெளிப்படையாகக் கூறுவோம். நெடுநாள் பணி செய்த ஒருவர் முன் நிற்கும் நமக்கு இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று, அவருக்கு நாம் பட்ட கடன். அது அவர் செய்து முடித்தவற்றைப் பற்றியது. மற்றொன்று, அவரும் நாமும் சேர்ந்து காக்க வேண்டிய பொதுப் பொருளுக்கு நாம் பட்ட கடன். அது இனி நடக்க வேண்டியவற்றைப் பற்றியது. இரண்டும் மெய்யான கடன்களே. ஒன்றின் பணத்தை எடுத்து மற்றொன்றை அடைக்க முயலும்போதே தவறு பிறக்கிறது.

அத்தவறு இரு வகையில் நேரும். சிலர் நேற்றைய நன்மையைக் காட்டி இன்றைய குறையை மறைப்பர். 'இத்தனை செய்தவரைக் குறை சொல்லலாமா?' என்று வாயடைப்பர். இதற்கு நன்றி என்று பெயரிடுகிறார்கள். உண்மையில் இது இன்றைய கணக்கைப் பொய்யாக எழுதுவது. வேறு சிலர் இன்றைய குறையைக் காட்டி நேற்றைய நன்மையை அழிப்பர். வெங்கரின் கடைசி ஆண்டுகளில் இதுவும் கேட்கப்பட்டது. 'முதலில் கிடைத்த வெற்றிகள்கூட அவருக்கு முன்னிருந்தவர் உருவாக்கிய தடுப்பாட்டக்காரர்களால் வந்தவையே' என்றனர் சிலர். அந்தத் தடுப்பாட்டக்காரர்கள் முன்பே இருந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை 1998 இல் எவர்க்கும் குறையாகத் தோன்றவில்லை. இருபது ஆண்டு கழித்துக் கோபம் வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. இது நேற்றைய கணக்கைத் திருத்தி எழுதுவது.

ஆகவே ஒருவரை விலகச் சொல்லுமுன் நம்மை நாமே சோதித்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அவரைப் பற்றி நாம் முன்பு சொன்ன புகழ்மொழிகளை இன்றும் ஒரு சொல் குறையாமல் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. முடிகிறதென்றால் நம் கோரிக்கை நியாயத்திலிருந்து வருகிறது. முடியவில்லையென்றால் அது சினத்திலிருந்து வருகிறது. சினம் ஆறும் வரை நாம் வாய் திறவாதிருப்பதே நன்று.

எனவே, வெங்கர் விலக வேண்டும் என்று எண்ணியதற்காக எந்த இரசிகரையும் நாம் பழிக்க மாட்டோம். அவரை ஏளனப் பொருளாக்கியதையும், பழைய நன்மைகளை அழித்துப் பேசியதையுமே பழிக்கிறோம். இன்னொரு சாராரும் நம் மனத்தில் நிற்கிறார்கள். மே 6 ஆம் நாள் உளமாரக் கைதட்டிய பல்லாயிரவருள், முந்தைய ஆண்டுகளிலும் அவர்மீது நன்றி கொண்டிருந்தவர்கள் பலர் இருந்திருப்பர். அவர் இழிவுபடுத்தப்பட்ட நாட்களில் அவர்கள் குரல் ஏன் தாழ்ந்திருந்தது? இரைச்சலிடுவோர் சிலராயினும் உரக்க ஒலிப்பர். நல்லெண்ணம் உடையோர் பலராயினும் அமைதியாக இருந்துவிடுவர். அந்த அமைதியால் ஒரு மனிதர் தாம் தனித்து விடப்பட்டதாக உணர்வார். அவர் போகும் நாளில் வரும் கைதட்டல், காலம் கடந்து கட்டிய வரியைப் போன்றது. கட்டியது நல்லதே, ஆயினும் உரிய காலத்தில் கட்டப்படவில்லை.

பொறுத்தவர்களும் பொறாதவர்களும்

இதே நாட்டின் வேறு இரு விடைபெறுதல்களோடு இதை ஒப்பிட்டுக் காண்போம்.

முன்னர்க் குறித்த அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் பொறுப்பேற்றார். மூன்று ஆண்டுகள் கோப்பை ஏதும் இல்லை. 1989 டிசம்பரில், மூன்று ஆண்டுச் சாக்குப்போக்குகள் போதும், போய் வருக என்னும் பொருளில் அவருடைய அரங்கிலேயே ஒரு பதாகை உயர்த்தப்பட்டது. கழகத்தார் அவரை நீக்கவில்லை. 1990 இல் எஃப்.ஏ. கோப்பை வந்தது, 1993 இல் லீக் பட்டம் வந்தது. பின்னர் 2013 இல் அவர் விலகும்வரை 13 லீக் பட்டங்கள் உட்பட மொத்தம் 38 கோப்பைகள் அவர் காலத்தில் கழகத்திற்குக் கிடைத்தன.

இதிலிருந்து, 'எப்போதும் பொறுத்திருந்தால் நன்மையே விளையும்' என்ற முடிவுக்கு நாம் தாவலாகாது. பொறுத்தும் பயன் காணாத கழகங்களின் கதைகளை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் பெர்குசன் விடைபெற்ற முறையில் ஒரு பாடம் உண்டு. 2013 மே 12 ஆம் நாள் தம் அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்திற்குப் பின்னர் அவர் ஒலிபெருக்கியில் பேசினார். தமக்குக் கெட்ட காலம் வந்தபோது கழகம் தம் பக்கம் நின்றதை நினைவூட்டினார். அதேபோல் இனி வருபவர் பக்கம் நிற்பதே உங்கள் வேலை என்று மக்களிடம் சொன்னார். தமக்கு வந்த நன்றியைத் தமக்குப் பின் வருபவரிடம் திருப்பிவிட்டார்.

அடுத்து வந்த டேவிட் மோயஸுக்கு ஆறாண்டு ஒப்பந்தம் தரப்பட்டது. ஆனால் பருவம் ஒன்றுகூட முடியவில்லை. 2014 ஏப்ரலில் நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய மாதம் அங்கும் ஒரு விமானம் அவரை எதிர்த்து வாசகம் ஏந்திப் பறந்தது. அப்போது கூடியிருந்தவர்களுள் பலர் அந்த விமானத்தை எதிர்த்தே கூச்சலிட்டனர், மோயஸுக்குக் கைதட்டினர். ஆட்டங்கள் தோல்வியில் முடிந்துகொண்டிருந்த வேளையில், அவர் தகுதியானவர்தாமா என்ற ஐயம் தம் மனத்திலும் இருந்த வேளையில், ஒரு மனிதரை வானிலிருந்து இழிவுபடுத்தலாகாது என்று அவர்கள் எண்ணினர். அவரைப் பதவியில் வைத்திருக்க அது போதவில்லை. ஆயினும் கோப்பை ஏந்தியவருக்குக் கைதட்டுவதைக் காட்டிலும் அந்தக் கைதட்டல் கடினமானது, ஆதலால் மேலானது.

விலகுவோரின் கடமை

இதுவரை விடை கொடுப்போரைப் பற்றிப் பேசினோம். விடைபெறுவோருக்கும் கடமை உண்டு.

லிவர்பூல் கழகத்தின் பயிற்சியாளராக 2015 அக்டோபரில் வந்த ஜெர்மானியர் யூர்கன் கிளாப், 2019 இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும், 2020 இல் முப்பது ஆண்டுகளாக வாராதிருந்த லீக் பட்டத்தையும் வென்று தந்தவர். 2024 ஜனவரி 26 ஆம் நாள், அப்பருவத்தின் முடிவில் விலகப்போவதாக அவரே அறிவித்தார். கழகம் அப்போது நல்ல நிலையில் இருந்தது. எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தம்மிடம் இருக்கும் ஆற்றல் தீர்ந்துகொண்டு வருகிறது என்பதே அவர் சொன்ன காரணம். கேட்டவர்கள் அதிர்ந்தனர், அழுதனர், ஆனால் அவர்கள் துயரத்தில் கசப்பு கலக்கவில்லை. மே 19 ஆம் நாள் கடைசி ஆட்டம் முடிந்ததும் கிளாப் அம்மக்களிடையே நின்று, தமக்குப் பின் வரவிருந்த ஆர்னே ஸ்லாட் என்பவரின் பெயரைத் தாமே முதலில் இசையோடு பாடி, அவர்களையும் பாடச் செய்தார். மறு ஆண்டு, 2025 இல், ஸ்லாட்டின் கீழ் லிவர்பூல் லீக் பட்டம் வென்றது.

வெங்கருக்கும் அத்தகைய வாசல் ஒன்று திறந்தே இருந்தது. 2017 மே மாதம் ஏழாவது கோப்பையைக் கையில் ஏந்திய நாளில் அவர் விலகியிருப்பின், காலி இருக்கைகளை அவர் கண்டிருக்க வேண்டியதில்லை. ஏன் விலகவில்லை? பணத்தாசை என்று நாம் கருதவில்லை. பிற பெருங்கழகங்கள் அழைத்தபோதும் போகாமல் அங்கேயே தங்கியவர் அவர். தம்மைக் கழகத்தோடு முற்றிலும் ஒன்றாக்கிக்கொண்டதே தாம் செய்த பிழை என்று, 2021 இல் வெளிவந்த தம்மைப் பற்றிய ஆவணப்படத்தில் அவரே ஒப்புக்கொண்டார். இச்சொல்லை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். அவரை அங்கே இருத்தியது தீய குணம் அன்று, அன்புதான். ஆனால் 'இது என்னுடையது' என்ற அன்பு, 'நானே இது' என்ற பற்றாக முதிர்ந்துவிட்டால், விலகுதல் என்பது இறத்தல் போலத் தோன்றும். தம் கையால் வளர்ந்த பொருள் தம் கையை விட்டு வாழக்கூடியது என்று நம்ப இயலாமற் போகும். பெற்றோர்க்கும் இந்நோய் உண்டு, தலைவர்களுக்கும் உண்டு.

அதனால் நேர்ந்தது என்ன? 2018 மே மாதம் விடைபெற்றவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவ்வரங்கில் கால் வைக்கவில்லை. தம் வாழ்நாளில் இருபத்திரண்டு ஆண்டுகளைத் தந்த இடத்திற்கு, 2022 டிசம்பர் 26 ஆம் நாள்தான் ஆட்டம் பார்க்க மீண்டும் வந்தார். அன்று அவருடைய பழைய மாணாக்கரான மிகேல் ஆர்டெட்டா கழகத்தின் பயிற்சியாளராக இருந்தார். 2023 ஜூலை மாதம் அரங்கின் வெளியே வெங்கரின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. கையில் கோப்பையைத் தூக்கிப் பிடித்த தோற்றம். சிலைக்கு நன்றி செலுத்துவது எளிது. சிலை எந்த ஆட்டத்திலும் தோற்பதில்லை.

நாம் செய்யத்தக்கது

தொலைதூர நாட்டு விளையாட்டைப் பற்றி இத்தனை எழுதியது, அங்குள்ளோரைப் பழிப்பதற்காக அன்று. அவர்கள் அறுபதாயிரம் பேராகக் கூடிச் செய்ததை, நாம் ஆறு பேராகக் கூடிச் செய்துகொண்டிருக்கக்கூடும்.

முப்பது ஆண்டுகள் ஒரு கடையை நடத்திய தந்தை இன்று கணக்கில் தவறுகிறார். ஒரு பொது அமைப்பைத் தம் தோளில் சுமந்த செயலாளர் இன்று கடிதங்களுக்கு விடை எழுதுவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? அவர் எதிரே புன்னகை செய்கிறோம். அவர் எழுந்து சென்றபின் குறை பேசுகிறோம். வானில் பறந்த விமானத்தை ஏளனம் செய்யும் நாம், நம் வீட்டுத் திண்ணையிலிருந்து நாள்தோறும் ஒரு விமானத்தைப் பறக்க விடுகிறோம். பின்னர் அவர் விலகியதும் பொன்னாடை போர்த்துகிறோம், புகழுரை வாசிக்கிறோம், அடுத்து வருபவரிடம் மறுநாளே குறை காணத் தொடங்குகிறோம்.

இவ்வாறன்றி வேறு வழி உண்டு. விலக வேண்டும் என்று கருதினால் அவரிடமே, நேரில், தனிமையில், அவர் செய்தவற்றை முதலில் எண்ணிச் சொல்லி, பின்னர்க் குறையையும் மறைக்காமல் சொல்வது. அவருக்கு ஒரு காலம் தருவது. அவர் மறுத்தாலும் வெளியே அவர் பெயரைக் காப்பது. நன்றி சொல்ல வேண்டியிருந்தால் விழா நாளுக்காகக் காத்திராமல், அவர் தடுமாறும் நாளில் சென்று சொல்வது. நாமே நெடுநாள் பொறுப்பில் இருப்பவரானால், நம்மிடம் பிறர் வந்து அந்தச் சொல்லைச் சொல்ல நேருமுன், அடுத்தவர் பெயரை நம் வாயாலேயே ஊரார்க்கு அறிமுகப்படுத்துவது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நம் விடை இதுவே. நன்மை செய்தவரை விலகச் சொல்வது நன்றிகேடு ஆகாது. அவர் செய்த நன்மையை ஒரு மாத்திரையேனும் குறைத்துப் பேசாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தவர்க்கே அதைச் சொல்லும் உரிமை உண்டு. வெங்கர் தம் இறுதி நாளில் தம்மை மறந்து, நோயுற்ற பழைய எதிராளியின் நலத்தை முதலில் விசாரித்தார். அந்த ஒரு செயலை, அவர் வென்ற கோப்பைகளோடு சேர்த்து, நாம் நினைவில் கொள்வோம். நம் வீட்டிலும் நம் அமைப்பிலும் இன்று தடுமாறி நிற்கும் முதியவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். நாளை அவரைக் கண்டு ஒரு நல்ல சொல் சொல்லி வருவோம்.